கரடியின் பேக்கரி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்த சிவமணி கல்யாணம் கட்டவில்லை. ஆனால் ஆரணியைப் பிறந்த நாளிலிருந்து வளர்த்தது அவள்தான். அக்கா யாழ்ப்பாணத்தில் பிரசவத்தோடு இறந்துபோனபோது அக்காவின் கணவர் தில்லைநாதன் லண்டனில் இருந்தார். விசா எடுக்கவென்று சிவமணி பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிவந்தாள். இரண்டு பேருக்கும் விண்ணப்பித்ததில் பிள்ளைக்கு மட்டும் கிடைத்தது. 2006ஆம் ஆண்டு, ஆறு வயதில், தெரிந்த குடும்பமொன்றோடு ஆரணி விமானம் ஏறினாள். அந்த மாதமே யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதையும் போரால் மூடப்பட்டது. சிவமணிக்கு ஊருக்கும் வழியில்லை, லண்டனுக்கும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லைநாதன் போன் எடுத்துப் பிள்ளையிடம் கொடுப்பார். சாப்பிட்டியா என்றால் “ம்”. குளிருதா என்றாலும் “ம்”. சித்தியை நினைக்கிறியா என்று கேட்கச் சிவமணிக்குப் பயமாக இருந்தது. அதற்கும் அதே “ம்” வந்துவிட்டால்?

பள்ளிக்கூடத்தால் வந்தால் பிள்ளை கொம்பியூட்டரோடுதான் என்று ஒருநாள் தில்லைநாதன் குறைப்பட்டார். என்ன விளையாட்டென்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏதோ பொம்மைக் கம்பனியின் விளையாட்டு, ஒரு கரடி கடை வைத்திருக்கிறது என்றார்.

மறுநாள் வேலை முடிந்து, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையிலிருந்த நெட் கஃபேக்குள் சிவமணி முதன்முதலாக நுழைந்தாள். பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக் கேட்டுத் தேடியபோது துப்பாக்கியும் இரத்தமும் வந்தன. பிறகு பார்க்கக்கூடாத படங்கள் வந்தன. கூசிப்போய் எழும்பினாள். கஃபேயை நடத்திய ஷபீகா ஓடிவந்து அவற்றை மூடினாள். அவளும் பிள்ளைக்காரி.

“கேம்ஸ் எண்டு சும்மா தேடவாணாம் அக்கா. பொம்மக் கம்பனிட சைட்டுக்கே நேராப் போங்க. அங்க அசிங்கம் ஒண்டும் வராது, தெரியாத ஆக்கள் வந்து பேசவும் மாட்டாங்க. பொம்மப் பெட்டிட பின்னால அட்ரஸ் இரிக்கும்.”

அதன்பிறகு காலி வீதியிலிருந்த விளையாட்டுச் சாமான் கடையில் நின்று பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது சிவமணியின் வேலையாயிற்று. ஒரு கம்பனியின் இணையப் பக்கத்தில் பொம்மைக்கு உடுப்பு மாற்றலாம். இன்னொன்றில் கட்டைகளால் பாலம் கட்டலாம். கரடியைத்தான் காணவில்லை. வாரக்கணக்கில் தேடியபின் துணிப்பொம்மைக் கம்பனி ஒன்றில் அது அகப்பட்டது. இடுப்பில் துணி கட்டிய கரடி பணிஸ் என்கிற பன் ரொட்டி சுட்டுக்கொண்டு நின்றது. முயலும் நரியும் யானையும் வரிசையில் நின்றன. பிந்தினால் கோபித்துக்கொண்டு போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவமணி சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஆரணி, நான் கரடியின்ர கடையில பணிஸ் சுட்டனான். எல்லாம் கருகிப்போச்சுது. யானை கோவிச்சுக்கொண்டு போட்டுது.”

பிள்ளை உடனே திருத்தினாள்.

“சித்தி, யானைக்குத்தான் முதல் குடுக்கோணும். அதுக்குப் பெரிய வயிறெல்லே.”

பிறகு பிள்ளை நிறுத்தவேயில்லை. கரடியிலிருந்து பள்ளிக்கூட ரீச்சருக்கும், ரீச்சரிலிருந்து பனிக்கும் கதை போயிற்று. லைன் கட்டான பிறகும் சிவமணி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுவருசம் ஒரு பின்னேரம் சுற்றிவளைப்பு நடந்தது. படையினர் கஃபேக்குள் வந்து அடையாள அட்டை பார்த்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் அவளது திரையிலிருந்த கரடியைக் காட்டி, இது யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டான். அக்காவின் பிள்ளைக்கு என்று சொல்லுமளவுக்கு அவளுக்குச் சிங்களம் தெரியும். வாயில் வந்தது வேறு.

“மகே துவ,” என்றாள். என்னுடைய மகள்.

எங்கே என்றான். லண்டன் என்றாள். அவன் அட்டையைத் திருப்பித் தரும்வரை யானை பொறுக்கவில்லை.

சிவமணிக்கு விசா இன்னும் இரண்டு தடவை மறுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கம்பனி தன் பக்கங்களை மாற்றியபோது கரடியும் போய்விட்டது. பிள்ளை அழுவாளே என்று வாரம் முழுக்கத் தவித்த சிவமணி, ஞாயிறன்று மெல்லச் சொன்னாள்.

“அது பேபி கேம் சித்தி. நான் விளையாடுறேல்லை,” என்றாள் ஆரணி.

“எப்ப தொடக்கம்?”

“போன வருசமே விட்டிட்டன். உங்களுக்கு விருப்பம் எண்டுதான் சொல்லாம இருந்தனான்.”

சிவமணிக்குச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் இப்போது என்ன பிடிக்கும் என்று கேட்டாள். பிள்ளை சொல்லத் தொடங்கினாள். பாதி ஆங்கிலம், பாதி விளங்கவில்லை. சிவமணி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.