அப்பாவைக் கொண்டுவந்த வாடை

எங்கள் ஊரில் வாடைக்காற்றை எல்லோரும் திட்டுவார்கள். அம்மா மட்டும் அதற்காக நேர்ந்து வைப்பாள். உலகச் சண்டைக்கு முந்திய காலம் அது. அப்பா தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றோடு பாய்க்கப்பலில் ரங்கூனுக்குப் போவார். திரும்பி வருவதற்கு வடக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கவேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு ஏழு வயதாயிருந்தபோது வாடை பிந்தியது. அப்பா போன பிறகு பிறந்த தம்பி குப்புறப் பிரளப் பழகியிருந்தான். மார்கழி முடிவில், ஒரே நாளில் குளிர் வந்து இறங்கியது. கடல் இரைந்தது. போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்து வெள்ளைக் கட்டியானது.

பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படித்த அண்ணை, "உது எங்கடை குளிர் இல்லை. வடதுருவத்துக் குளிர். அங்கை பொங்கி வழிஞ்சால் இஞ்சை வரைக்கும் வரும்" என்றார். நான் நம்பவில்லை. துருவத்தைச் சுற்றி ஓடும் காற்று தளர்ந்தால், அதன் குளிர் ஆசியாவுக்குள் சரிந்து, வாடையை வங்கக்கடல் தாண்டியும் உந்தித் தள்ளும் என்று எத்தனையோ வருஷம் கழித்து வாசித்தேன். அண்ணை சொன்னது ஏறக்குறையச் சரிதான்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "கொப்பர் ரங்கூனிலையிருந்து வெளிக்கிட்டிருப்பார்" என்று சொல்லி, வடக்குப் பக்க யன்னலைத் திறந்து வைத்தாள்.

மறுநாள் தம்பி இருமத் தொடங்கினான். பெரியம்மா வந்து அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு இழுக்குதடி. யன்னலைச் சாத்து."

அம்மா சாத்தினாள். ஆனால் ஓலைக் கூரை அந்தக் காற்றுக்கு எம்மாத்திரம்? தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். பரியாரியார் வந்து நாடி பிடித்துப் பார்த்து, குளிசை உரைத்துக் கொடுத்தார். தம்பியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு அம்மா முற்றத்துக்கு வந்தாள். காற்று அடங்கவேண்டுமென்று கடலைப் பார்த்துக் கை கூப்பியவள், பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னமே தம்பி போய்விட்டான். காற்று ஒரு நாளும் குறையவில்லை.

கப்பல் வந்த அன்று நான் கரைக்கு ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லக்கூடாதென்று பெரியம்மா சொல்லியிருந்தாள். கரையில் நின்ற மற்றவர்களும் சொல்லவில்லை. உப்புப் படிந்த முகத்தோடு அப்பா வீட்டு வாசல் படலையைத் திறக்கும்போதே சிரித்தார்.

"இந்த முறை அருமையான காத்து. பறந்து வந்தம். பிள்ளை என்ன, பொடியனோ பெட்டையோ?"

அம்மா எழுந்திருக்கவில்லை. "பொடியன்" என்றாள். சாத்திக் கிடந்த யன்னலைப் பார்த்து, "காத்து இஞ்சையும் நல்லா அடிச்சது" என்றாள்.

அம்மா காற்றைப் பற்றித்தான் கதைக்கிறாள் என்று நினைத்தேன். "ஓம் அப்பா, சரியான குளிர்" என்று நானும் சொன்னேன்.