சிலேவாவின் செருப்பு

சாம்பல் தொட்டுக் கை கழுவிய பிறகே சிலேவா தன் வயலில் தொங்கும் பொறி வாளியைத் திறப்பார். மூடிக்கு அடியில், பெண் அந்துப்பூச்சியின் வாசம் ஏற்றிய ரப்பர் துண்டு தொங்குகிறது. அதை நம்பி இரவில் வந்து விழுந்த ஆண்பூச்சிகளை எண்ணி, ஊர் அலுவலகக் கரும்பலகையில் எழுத வேண்டும். பதினோரு மழைக்காலமாக இதுதான் வேலை.

பூச்சியில் பார்க்க ஒன்றுமில்லை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் கலந்த பழுப்பு. முன்சிறகில் அவரை விதை போல வெளிறிய புள்ளி. புள்ளி இல்லாததை உள்ளங்கையிலிருந்து ஊதிவிடுவார். முப்பதுக்கு மேல் விழுந்தால் ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து, படைப்புழுவால் தரை கறுப்பாக நகரும். இளங்கம்பு, சோளம், புல் எதுவும் மிஞ்சாது. புழு பொடியாக இருக்கும்போதே மருந்தடித்தால்தான் உண்டு.

கிணற்றடிப் பெண்கள் விடமாட்டார்கள். "மாமா, இன்னைக்கு எத்தனை மாப்பிள்ளைங்க விழுந்தாங்க?" கேட்டுக்கொண்டே அவர் கால்களைப் பார்ப்பார்கள். ஒருமுறை மழைக்கு ஒதுங்க அவர் ஓடியதைப் பார்த்து புழு வந்துவிட்டதென்று ஊரே வயலுக்கு ஓடியது. அன்றிலிருந்து டயர்ச் செருப்புதான். அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது; அதற்காகவே போடுகிறார்.

போன வருடம் நாற்பத்தொன்று என்று எழுதினார். ஆட்டை விற்று மருந்து வாங்கினார்கள். அடுத்த நான்கு நாள் கொட்டிய மழையில் புழுக்கள் தாமாகவே செத்தன. பக்கத்து வயல் மகாசி மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "அண்ணே, என் ரெண்டு ஆட்டையும் தின்னது புழு இல்ல. உங்க சாக்பீஸு."

பூச்சி கிழக்குக் காற்றில் வரும். அதனால் கிழக்கே மொரொகொரோ நகரிலிருந்து வரும் பஸ் ஓட்டுநரிடம் தினமும் விசாரிப்பார். முந்தாநாள் அந்த ஆள் சிரித்தான். "உங்க சொந்தக்காரங்க அங்க விளக்கு விளக்கா மொய்க்கிறாங்க, பெரியவரே. கூட்டிட்டு வரட்டுமா?"

இன்று வாளி கனத்தது. எண்ணினார். தரையில் கொட்டி, புள்ளி பார்த்து, மறுபடி எண்ணினார். நூற்றுப் பதினேழு. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. இருபத்தொன்பது என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. மழை வந்தாலும் வரலாம். சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ் விரலில் ஒட்டியது.

வரப்பில் களை பறித்துக்கொண்டிருந்த மகாசி நிமிர்ந்தான். "என்னண்ணே, இந்த வருஷம் எத்தனை ஆடு?"

சிலேவா குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.