செக்ரட்டரி வீட்டு பாத்ரூமில் பதிவானது

நான் வாசிப்பது ராக். வெறும் எலெக்ட்ரிக் கிட்டார்தான். வரிகள் கிடையாது, பாடகர் கிடையாது. சேலையூரில் இருக்கும் ஒரு கணக்கு டீச்சர் இப்படிச் சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஃபோனில் அனுப்பியதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்பார்கள். என் அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "பாடறவங்க அன்னிக்கு லீவா?" என்றாள். இதுதான் பாட்டு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலித்துவிட்டது.

டிரம்ஸ் வாசிப்பவன் கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். வீட்டு மனை போடும் கம்பெனியில் சைட் இன்ஜினியர். நாங்கள் நேரில் பார்த்துக்கொள்வது அபூர்வம். அவன் மொட்டைமாடி அறையில் வாசித்துப் பதிவு செய்து ஃபைலாக அனுப்புவான், நான் அதன்மேல் கிட்டாரை ஏற்றித் திருப்பி அனுப்புவேன். இரண்டும் சேர்ந்து உருப்பட்டால் இணையத்தில் போடுவோம். எங்கோ முகம் தெரியாத நாலு பேர் கேட்டுவிட்டு எழுதுவார்கள். அந்த நாலு பேருக்காக நான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையே விட்டவள்.

அந்தப் பாட்டு கேம்ப் ரோடு சிக்னலில் வண்டியில் நின்றபோது மண்டைக்குள் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. ஒரு கம்பியை வளைத்து, வளைத்தபடியே மேலே தள்ளி, அங்கிருந்து கடகடவென்று இறங்கி வர வேண்டும். பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்காக முயன்றும் என் கைக்கு அது வரவேயில்லை. டிரம்ஸ் பையன் பொறுமையானவன்தான், ஆனால் அந்த வாரம் அவனே சொல்லிவிட்டான்: "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமையும் வரலன்னா அந்த எண்டிங்கைக் கட் பண்ணிடலாம். சத்தத்தை மெதுவாக் குறைச்சு ஃபேட் பண்ணி முடிச்சிடலாம்." கட் பண்ணுவதாம்! தலையை வெட்டிவிட்டு ஜடை பின்னுகிற கதை.

ஞாயிறு வந்தது. கணவரும் மகளும் மீன் வாங்கக் கோவளம் போயிருந்தார்கள். கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் சின்ன ஆம்பை பாத்ரூமில் வைத்தேன். சுவரெல்லாம் டைல்ஸ் என்பதால் சத்தம் அங்கே கணீரென்று எதிரொலிக்கும். ஆம்புக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் மைக்கை வைத்து, ஒயரைப் படுக்கையறைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். மைக்கில் சத்தம் ஏறக்கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். ஃபோனில் அவனுடைய டிரம்ஸை ஓடவிட்டு இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி ஆரம்பித்தேன்.

வந்தது! சத்தியமாக வந்தது! கம்பி வளைந்தது, மேலே ஏறியது, ஏறிய இடத்தில் நின்று அழுதது, பிறகு நான் நினைத்தபடியே இறங்கியது. உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைசி நோட் ஓயும்வரை மூச்சுகூட விடாமல் நின்றேன். கண்ணைத் திறந்து திரும்பினால் கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருக்கிறது.

கரண்ட் போயிருக்கிறது! ஆம்ப் பேட்டரியில் ஓடுவது, ஃபோனுக்கும் கரண்ட் வேண்டாம், ஃபேனை நானே நிறுத்தியிருந்தேன். பிறகு எனக்கு எப்படித் தெரியும்? அரை மணியில் கரண்ட் வந்தது. திறந்து பார்த்தால் பதிவு ஆரம்பத்திலேயே நின்றுபோயிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடி வாசித்தேன். வரவில்லை. மறுபடியும் வாசித்தேன். விரல் கன்றிப்போனதுதான் மிச்சம். போதாக்குறைக்குத் தண்ணீர் மோட்டார் வேறு ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் அபார்ட்மென்ட் குரூப்பில் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் தரைத்தளத்தில், எங்களுக்கு நேர் கீழே இருக்கும் செக்ரட்டரி சார். ரிட்டயர்டு ஆபீசர். எழுத்தும் ஆபீஸ் எழுத்துதான்: 'முதல் மாடியிலிருந்து வரும் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதி இல்லை. ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.' கூடவே ஒரு ஆடியோ துண்டு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'உங்க வீட்டு மிக்ஸியை நான் என்னிக்காவது ரெக்கார்ட் பண்ணேனா சார்?' என்று டைப் செய்தேன். அனுப்புவதற்கு முன் அந்த ஆதாரம்தான் என்ன லட்சணம் என்று கேட்டுவிடலாமே என்று அதைத் தொட்டேன்.

கம்பி வளைகிற அந்த இடம்! என் நோட்! அதுவும் எப்பேர்ப்பட்ட சத்தத்தில்! எங்கள் பிளாக்கில் பாத்ரூம்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. எல்லா வென்டிலேட்டரும் பைப்புகள் இறங்கும் ஒரே குறுகலான சந்துக்குள் திறக்கும். அந்தச் சந்து வழியாகக் கிட்டார் கீழே இறங்கி, சுவருக்குச் சுவர் மோதிப் பெருகி, ஒரு மலை முழுவதும் ஒலிக்கிற மாதிரி அவர் ஃபோனில் விழுந்திருந்தது. கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, ஏசி இல்லை, டிவி இல்லை; அவ்வளவு சுத்தம். ஆனால் ஏறி நின்ற இடத்திலேயே ஆடியோ முடிந்துவிட்டது. மிச்சம் எங்கே? நான் அலறும்போதே திரையில் அந்தச் செய்தி காணாமல் போனது. யாரோ 'விடுங்க சார், டீச்சர்தானே' என்று எழுதியிருக்கிறார்கள். இவரும் பெருந்தன்மையாக அழித்துவிட்டார்.

செருப்புகூடப் போடாமல் படியில் ஓடினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் ஃபோனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சார், அந்த ரெக்கார்டிங்..."

"குரூப்ல டெலீட் பண்ணிட்டேனே மேடம். சண்டை எல்லாம் வேண்டாம்."

"உங்க ஃபோன்ல முழுசா இருக்கா?"

"இருக்கு. அது எவிடென்ஸ். அதை அழிக்க முடியாது."

"அழிக்காதீங்க சார்! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, "குடுத்துடுங்களேன், பாவம்" என்றார். பிறகு என்னிடம், "கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன்னுதான் போனை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போனாரும்மா. போனவரு வெளியவே வரல" என்றார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபைலை அனுப்பினார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எனக்கு, சண்டை பிடிக்கப் போன தெய்வம்.

மேலே வந்து அதை டிரம்ஸோடு பொருத்தினேன். அதே டிரம்ஸைக் கேட்டுத்தானே வாசித்தேன், அச்சாகப் பொருந்தியது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பையன் கூப்பிட்டான். "அக்கா! செம! எந்த ஸ்டூடியோ இது? சொல்லாம போய்ட்டீங்களே!"

"செக்ரட்டரி வீட்டு பாத்ரூம்டா" என்றேன்.

"சரி, கடைசில யாரோ பேசறாங்களே?"

ஆமாம். கடைசி நோட் ஓய்ந்து, சந்துக்குள் எதிரொலியும் அடங்கிய பிறகு, செக்ரட்டரி சாரின் குரல் கேட்கிறது: "முடிஞ்சிடுச்சா?" நிம்மதிப் பெருமூச்சில்லை அது. பந்தியில் பாயசம் இன்னொரு கரண்டி வருமா என்று எட்டிப் பார்க்கிறவரின் குரல். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எந்தக் கைதட்டலும் எனக்கு இந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

"என் குரலை எடுத்துடுங்க மேடம், அசிங்கமா இருக்கு" என்றார் அவர். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியே போட்டோம். எங்கள் நாலு பேர் நாற்பது பேரானார்கள். எல்லாரும் கேட்டது அந்தக் குரலைப் பற்றித்தான். அக்காவும் கேட்டுவிட்டு ஃபோன் செய்தாள்: "இப்பதாண்டி பாட்டு மாதிரி இருக்கு. பாடறவரு யாரு?"

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் குரூப்பில் வழக்கமான அறிவிப்பு வந்தது: பராமரிப்புப் பணிக்காக நாளை காலை முதல் மதியம் வரை மின்சாரம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. செக்ரட்டரி சார்தான்.

'நாளை மோட்டார் ஓடாது மேடம். பாத்ரூமை யாரும் உபயோகிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.'

எழுந்து போய் ஆம்பைச் சார்ஜில் போட்டேன்.