கெட்ட நாளுக்குக் காத்திருந்த கரணை

வாயில் போட்டு மென்று பார்க்காமல் எந்தப் புல்லையும் தங்கப்பாண்டியன் மாட்டுக்கு வைப்பதில்லை. பண்ணைப்புரத்துப் பால் சொசைட்டி வாசலில் தூக்குவாளியோடு நிற்கும்போதும் கடைவாயில் ஏதாவது ஒரு புல்தாள் ஆடிக்கொண்டிருக்கும். "கொழுக்கட்டைப்புல்லு லேசா இனிக்குது. வேலிமசாலு கசப்பு, ஆனா பாலுக்கு நல்லது. பழைய நேப்பியருல சுணை, நாக்க அறுக்குது" என்று கேட்காதவர்களுக்கும் அறிக்கை தருவார். பால் அளக்கும் கார்த்திக்ராஜ் விடமாட்டான். "பிண்ணாக்கு எப்பிடி மாமா?" "அது டீக்குத் தொட்டுக்கிற" என்பார், முகம் மாறாமல்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. தொழுவத்துக்குள் மாடுகளை ஓட்டும்போது, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு" என்பது நாலாவது வீட்டுக்குக் கேட்கும். மாடு இரண்டு. மூத்தது சமத்துவம், இளையது விடுதலை. விடுதலையைக் காலைக் கட்டித்தான் கறக்க வேண்டும். அவர் வெளியே போன நேரத்தில் மனைவி கருத்தம்மாள் இரண்டையும் லட்சுமி என்றே கூப்பிடுகிறார். அந்தப் பெயருக்குத்தான் அவை திரும்பிப் பார்க்கின்றன என்பது தங்கப்பாண்டியனுக்கும் தெரியும்.

சாமி கும்பிடாதவர். சகுனம், ஜாதகம் என்று எவனாவது வாயெடுத்தால் அன்றைக்கு அவன் வேலை கெட்டது. ஆனால் பஞ்சாங்கத்தை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் அந்த ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை முடி வெட்ட வேண்டும், சூலம் இருக்கிற திசையாகப் பார்த்துப் பயணம் கிளம்ப வேண்டும், ராகு காலத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். இத்தனையையும் நாள் தவறாமல் மீறுவதற்கு நாள் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

புல் நடுவதிலும் அதுதான் நடந்தது. இருக்கிற முப்பது செண்டில் தீவனம் போட்டுவிட்டால், அடுத்தவன் வரப்பில் புல் அறுத்து ஏச்சு வாங்க வேண்டாம். தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், நாலு ரகத்தை மென்று, தண்டு மெதுவாகவும் சுணை இல்லாமலும் இருந்த நேப்பியர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதன் தண்டை இரண்டு கணுவுக்கு ஒன்றாக நறுக்கிய விதைக்கரணையைப் பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மண்ணை வரிவரியாக அணைத்துப் பார் பிடித்து நிலம் தயாராகக் கிடந்தது. மறுநாளே நட்டிருக்கலாம்.

மறுநாள் முகூர்த்த நாள்.

"நல்ல நாளா? அன்னைக்கு நான் நட மாட்டேன்" என்று காலண்டரைப் புரட்டினார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அஷ்டமி. மூன்று மணிக்கு ராகு காலம். மூன்றும் ஒரே நாளில் கூடி வருகிற பாக்கியம் லேசில் வாய்க்குமா? தகரக் கொட்டகையில் சாக்குகள் வாய் கட்டியபடி காத்திருந்தன.

முதல் கரணையைச் சுமங்கலிதான் ஊன்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை இவரோ, கூலி நடவுக்குப் போகும் வேல்விழியைக் கூப்பிட்டார். புருசன் செத்து ஐந்தாறு வருசமாகிவிட்டது. வரப்பில் ஊரைக் கூட்டி நிறுத்தி, ஒரு கரணையை அவள் கையில் கொடுத்து, பெண்ணடிமை பற்றி முழுசாகப் பேசினார். வேல்விழி குனிந்த தலை நிமிராமல் நட்டுவிட்டுப் போனாள்.

புல் முளைக்கவில்லை.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை எட்டிப்பார்த்தது. "ராகு தின்னுருச்சு" என்றது ஊர். வெயில் என்றார் தங்கப்பாண்டியன். கரணை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார். கருத்தம்மாள்தான், "சாக்க அவுக்கயில குப்புன்னு ஆவி அடிச்சுச்சே, புளிச்ச வாடை" என்றார். தங்கப்பாண்டியன் ஒரு கரணையைப் பிடுங்கி அரிவாளால் பிளந்தார். உள்ளே கறுத்துக் கிடந்தது. சாக்கை அவிழ்த்த அன்றைக்கே அவருக்கும் கையில் சூடு தெரிந்ததுதான். ஆனால் மணி மூன்று ஆகப் போகிறதே என்ற அவசரம். இரண்டு நாள் சொசைட்டிக்குப் பாலைக் கருத்தம்மாளிடம் கொடுத்தனுப்பினார். அந்த ஊருக்கு அது புதுசு.

மூன்றாம் நாள் வேல்விழி வாசலில் வந்து நின்றாள்.

"கண்டக்டரண்ணே, ஈஸ்வரபாண்டி தோட்டத்துல வெங்காய நடவு. எல்லாரையும் கூப்பிட்டாக. என்னைய மட்டும் வேணாம்ட்டாக. என் கை பட்டா மொளைக்காதாம்."

"அது மூடநம்பிக்கை, தாயி. இந்த அறியாமைய..."

"அது எனக்குத் தெரியும்ணே. இத்தன வருசமா இந்தக் கைதான நட்டுச்சு? யாரும் கையப் பாக்கல. நீங்கதான ஊரக் கூட்டி, இந்தா பாருங்க தாலியறுத்த கைன்னு காட்டினீக? ஒங்க கொள்கைக்கு ஒரு கை வேணும்னா, ஒங்ககிட்டயே ரெண்டு இருக்குல்ல?"

தங்கப்பாண்டியன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சும்மா இருந்தால் ராகு ஜெயித்துவிடும், வேல்விழி கை குற்றவாளியாகிவிடும். பேசினால் அவர் மானம் போகும். கொள்கையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கொள்கைக்காரன் மடையன் என்று நிரூபிக்க வேண்டும்.

மறுநாள் காலை, சொசைட்டியில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்துப் போனார். கையில் பிளந்த கரணை.

"ஏலே, எல்லாரும் கேளுங்க! நல்ல நாள் பாக்குறவன் முட்டாளுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கெட்ட நாள் பாக்குறவன் அவனுக்கும் மூத்த முட்டாளு. அந்த மூத்தவன் நாந்தேன். அஷ்டமி வரட்டும்னு கரணையச் சாக்குக்குள்ள வச்சு அவிச்சுப்புட்டேன். செத்த கரணையத்தான் அந்தப் புள்ள கையில குடுத்தேன். மோந்து பாருங்க!"

டிக்கெட் கிழிக்கிற பாவனையில் ஒவ்வொரு மூக்குக்கு நேராகவும் நீட்டிக்கொண்டு போனார்.

"எப்பிடியோ, ராகு காவு வாங்கிருச்சுல்ல?" என்றான் ஈஸ்வரபாண்டி.

"ராகு இல்லடா, பிளாஸ்டிக் சாக்கு! ஒன் வெதவெங்காயத்த ஒரு வாரம் சாக்குல கட்டித் தகரத்துக்கடியில போடு. அப்புறம் அமிர்தயோகத்துல எடுத்து நடு. எவ கை பட்டு மொளைக்குதுன்னு பாப்போம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கார்த்திக்ராஜ் 'அஷ்டமி கண்டக்டர்' என்று பெயர் வைத்தான். இப்போது போனை எடுத்தால் அவரே, "ஆமா, அஷ்டமிதான் பேசுறேன்" என்கிறார். ஈஸ்வரபாண்டி மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கரணையை இரண்டு தரம் மோந்து பார்த்தான்.

புதுக் கரணை வந்த அன்று மதியமே நடவு. வேல்விழி வந்தாள், ஒரே நிபந்தனையோடு: "கூலிக்கு வாரேன். நீங்க ஒரு வார்த்தை பேசப்பிடாது."

பாதிப் பார் முடிந்திருந்தபோது வரப்பில் பைக் வந்து நின்றது. ஈஸ்வரபாண்டி. காலை ஊன்றியபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வேலு, நாளைக்கி வெங்காய நடவுக்கு வாரியா?"

அவள் நிமிரவில்லை. "ஆம்பளைக்கு என்ன கூலியோ அதக் குடுத்தா வாரேன்."

தங்கப்பாண்டியனுக்கு நெஞ்சு விம்மியது. சம கூலி பற்றி அரை மணி நேரத்துக்கு அவரிடம் சரக்கு இருந்தது. வாயைத் திறந்தார். வேல்விழி தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டு, நீட்டிய அவள் கையில் அடுத்த கரணையை வைத்தார்.