இறங்காத ஹண்டர்

"தம்பி, அவுக போயிட்டாக" என்று அனுமந்தன்பட்டியிலிருந்து பரமசிவம் அண்ணனின் மனைவி ராஜம்மாள் அக்கா போனில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார்: "அந்த ஏரோப்ளேன் சக்கரம் வந்துருச்சா? தூக்குறதுக்குள்ள மாட்டிவிட்டுறலாம்ல?"

தேனியில் பரிசுப்பொருள் கடை போட்டு முப்பது வருடமாக வாயால் பிழைத்தவன் நான். அன்று போனை வைத்துவிட்டுக் கடை அலமாரிகளைத் துழாவ ஆரம்பித்தேன்.

பரமசிவம் அண்ணனை விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக்காக, அவரை நினைத்துக் கூடியிருக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் வாடிக்கையாளர். பழைய போர் விமானங்களின் உலோக மாடல்களை, ஒரு சாண் நீளத்தில், என் மூலம்தான் வரவழைப்பார். நாட், கேன்பரா, மிக் என்று பதினொன்று சேர்ந்துவிட்டன. பெட்டியில் ஸ்டாண்டு இருக்கும். தனிப் பொட்டலத்தில் சக்கரமும் இருக்கும். ஸ்டாண்டில் ஏற்றினால் பறக்கிற தோற்றம், சக்கரம் மாட்டினால் தரையில் நிற்கும். அவர் ஸ்டாண்டைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போவார். "நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனதெல்லாம் எறங்கி நிக்கணும்லே. ஒண்ணு மேல இருந்தாலும் எனக்குச் சோறு எறங்காது."

அவர் வீட்டு அலமாரியின் நடுவில் ஒரு விமானம் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒருமுறை சொன்னார். ஒரு நாள் காலையில் அவர் சோதித்துக் கையெழுத்திட்டு அனுப்பிய ஹண்டர் போர் விமானம் திரும்பவில்லை. பறவை மோதியதென்று விசாரணையை முடித்தார்கள். "அவுகளுக்கு முடிஞ்சுபோச்சு. நான் இன்னும் ரன்வே ஓரத்துலதான்யா நிக்கேன்." வாலில் இருந்த எண்ணையும் சொன்னார்.

வியாபாரி மூளை சும்மா இருக்குமா? அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ஹண்டரைத் தேடிப் பிடித்தேன். வண்டிகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறவரிடம் கொடுத்து அந்த எண்ணை வாலில் ஒட்ட வைத்தேன். பறக்கிற மாதிரி இருந்தால்தான் எடுப்பு என்று ஸ்டாண்டில் ஏற்றிக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தேன். பெட்டியை, உள்ளே கிடந்த சக்கரப் பொட்டலத்தோடு குப்பையில் போட்டேன்.

பிறந்தநாளன்று கொடுத்ததும் அண்ணன் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "சக்கரம் எங்கலே?"

"வந்துரும்ணே."

அந்த மாடல் தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகியிருந்தன. சக்கரம் தனியாகக் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கடையில் இல்லாததை இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தவர், "இந்நேரம் ஹண்டருக்கு எண்ணெய் தீந்திருக்கும்லே முதலாளி" என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இறப்பு வீட்டுக்குப் புறப்படும்போது, கடையில் இருந்த வேறொரு ஜெட்டின் சக்கரங்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அலமாரி முன்னால் நாற்காலி ஒன்று கிடந்தது.

"விடியக்காலமே எந்திரிச்சு இங்கனதான் உக்காந்திருப்பாக" என்றார் அக்கா. "என்ன பாக்குறீகன்னு கேட்டா, எறங்குதான்னு பாக்குறேம்பாக."

ஹண்டரை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, கொண்டுபோன சக்கரங்களைப் பசை வைத்து ஒட்டினேன். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

"சாஞ்சிருக்கே தம்பி?"

"பலகை கோணல்க்கா."

அவர் பலகையைத் தடவிப் பார்த்தார்.

பதினாறாம் நாள் வந்த நீங்கள் அலமாரியைப் பார்த்து, எல்லாம் இறங்கிவிட்டதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். இறங்கவில்லை. அது ஹண்டரின் சக்கரமே இல்லை. அண்ணன் இருந்திருந்தால் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். அக்காவிடம் சொல்ல முடியாததை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி அக்காவுக்கும் தெரியட்டும்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது, அந்த விமானத்திலிருந்து கழற்றிய ஸ்டாண்டு. வேறொன்றை அதில் ஏற்ற மனம் வரவில்லை. இப்போதெல்லாம் இல்லாத பொருளை இல்லை என்றே சொல்கிறேன். ஆனாலும் கடையைத் திறந்ததும், அந்த ஹண்டர் வந்துவிட்டதா என்று கண் முதலில் அந்த வெறும் ஸ்டாண்டுக்குத்தான் போகிறது.