ரிஸ்வான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த வைக்கிங் படம்

ரிஸ்வான் போய்விட்டான். கடுகண்ணாவையில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு நேற்றுக் காலை சரிந்துவிட்டது...

புசல்லாவையில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னாலும் நிலம் வெடித்திருப்பதால் எல்லாரையும் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மழை விடவில்லை. வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துகிறோம்.

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிவிடி கடையில் நானும் அவனும் ஒன்றாக வேலை செய்தோம். ஆள் இல்லாத நேரம் கடை டிவியில் அவன் போடுவது ஒரே படம்தான். வைக்கிங் போர்வீரர்கள் நடுவே, அவர்கள் பாஷைகூடத் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு உப்பு வியாபாரியின் கதை.

பனிமூட்டத்துக்குள் இருந்து எதிரிகள் வரும் இடத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். "முடிஞ்சா சொல்லு மச்சான்."

எத்தனையோ தடவை பார்த்த படம்...

"அப்புறம் ஏன்டா இதையே போடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்தவனெல்லாம் சண்டைக்கிப் பொறந்தவன் மச்சான். அந்த யாவாரி மட்டும்தான் என்னப் போல பயந்து சாகுறான்."

உண்மைதான். பஸ் கடுகண்ணாவை வளைவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான். இடி இடித்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான்.

நேற்றுக் காலை அவன்தான் போனில் கோல் எடுத்தான். "பின்னுக்கு மண் சத்தம் கேக்குது மச்சான். பயமா இரிக்கி."

"உம்மாவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போடா. இப்பவே போ."

"போறோம், போறோம்" என்று வைத்துவிட்டான்.

மிச்சத்தை அவன் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னார். எல்லாரையும் ரோட்டில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு சோமா அக்காவைத் தூக்கிவரத் திரும்பிப் போயிருக்கிறான். அக்காவால் நடக்க முடியாது. போக வேண்டாம் என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியதாம்.

"அவங்க தனிய இரிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னானாம்.

அக்காவைத் தூக்கிவந்து வீட்டு கேட் வாசலில் நின்றவர்கள் கையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் வாங்கித் திரும்புவதற்குள் மண் வந்து அவனை மூடிவிட்டது. அக்கா உயிரோடு இருக்கிறார்.

இன்று ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டார்கள். பாதை மூடியிருக்கிறது, என்னால் போக முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை...

மழை இன்னும் பலக்கிறது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது ரிஸ்வான்.

போயிட்டு வா மச்சான்.