குளிர்ந்த வேர்வை

அப்பாவின் வேர்வையில் இரண்டு வகை உண்டு. பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிவிட்டு வரும்போது பால்வாடையோடு சூடாக ஒழுகுவது ஒன்று. நிழலில் உட்கார்ந்திருக்கும்போதே கழுத்தில் சில்லென்று பொடிப்பது இன்னொன்று. இரண்டாவது கையில் பட்டால் போதும், அம்மா சீனித்தண்ணீர் கலக்க ஓடுவாள்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். "இனிப்பு நீர்" என்கிற சர்க்கரை வியாதி வந்த அப்பா, விடியுமுன் இன்சுலின் ஊசி போட்டுப் பசியாறிவிட்டுத்தான் மரம் வெட்டப் போவார். பால் நிறுக்கும் இடத்தில் தாமதமானால் மதியச் சோறு காத்திருக்கும், ஊசி காத்திருக்காது. கை நடுங்கும், நாக்குக் குழறும், கால் பின்னும். ஆயுளில் கள்ளைத் தொடாத மனிதரைத் தோட்டமே குடிகாரர் என்றது. "பனமரத்தடியில நின்னு பாலக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க" என்று அம்மா பொருமுவாள்.

ஒரு சம்பள நாளில் நிறுவை இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்கு வரும் வழியில், கள்ளுக்கடைக்கு எதிரிலேயே அப்பா சரிந்தார். வேறெங்காவது விழுந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கெட்டவரில்லை. தூக்கி நிழலில் கிடத்தி, முகத்தில் துண்டைப் போட்டு, "தூங்கட்டும்லா, தெளிஞ்சா அவரே எந்திரிச்சு வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சட்டை நனைந்திருந்ததைக் கண்டவர்கள், கள்ளை மேலே கொட்டிக்கொண்டதாக நினைத்தார்களாம். நானும் அம்மாவும் தேடிப் போய்ச் சேர்ந்தபோது, வாயில் ஊற்றிய சீனித்தண்ணீர் கடைவாய் வழியே திரும்பி வந்தது.

வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இன்சுலின் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிட்டால், மூளை கலங்கிப்போய் நரம்பு வழியே தகவல் அனுப்புகிறது. சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. அது ஈரலில் இருக்கும் சீனியைக் கிளப்பிவிடுகிற வேகத்தில்தான் நெஞ்சு படபடத்துக் கை நடுங்குகிறது, நரம்பு தூண்டி வேர்க்கிறது. உதவி கேட்டு உடம்பு போட்ட கூப்பாடு அது. அதைத்தான் அத்தனை பேரும் போதை என்றார்கள்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. கள்ளுக்கடையின் சுவடே இல்லை. ஈப்போ பக்கமே குனோங் ராபாட்டில் குடியிருக்கும் எனக்கும் இனிப்பு நீர், பல வருட ஊசி. போன மாதம், சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். நடுக்கமில்லை, வேர்வையில்லை. சீனி அடிக்கடி இறங்கி இறங்கி, நரம்பும் சுரப்பியும் கூப்பாடு போடுவதையே விட்டுவிட்டன என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் என்னைக் கடந்து போகும்போதும் வரும்போதும் மனைவி என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். எப்போதும் காய்ந்தே இருக்கிறது. அதுதான் எங்கள் இருவருக்கும் பயம்.